பாரம் நின்ற கால்

பக்கத்து வீட்டுப் பெண் காலேஜில் ஓவியம் படிக்கிறாள். போன வாரம் கையெல்லாம் கரியோடு வந்து, "அசையாம உக்காருங்க பாட்டி, கொஞ்ச நேரம்தான்லா" என்றாள். உட்கார்ந்தேன். அந்தக் கரி வாசனை மூக்கில் ஏறியதும் நெஞ்சு படபடத்துவிட்டது. இந்த வயசில் என்ன பயம் என்று கேட்காதீர்கள், சொல்கிறேன்.

அப்பா பிழைக்கக் கடல் தாண்டி வந்து இந்த ஊர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்மா போனபிறகு நானும் அவரும்தான். சூலியா தெருவில் ஒரு மாடியில், ஆளை நிறுத்திப் படம் வரையச் சொல்லிக்கொடுத்த சீன வாத்தியார் ஒருவர் இருந்தார். அப்பாவின் தோளைப் பார்த்துவிட்டுச் சாயங்காலங்களில் வந்து நிற்கச் சொன்னார். என்னை விட்டுவிட்டு வர இடமில்லை, நானும் போவேன். கீழே சாப்பாட்டுக்கடையின் குருமா வாசனை, மேலே கரி வாசனை. அப்பா இமைகூட அசையாமல் நிற்பார். செத்தவர் மாதிரி இருக்கும். மெல்லக் கூப்பிட்டுப் பார்ப்பேன். "இருக்கேன் புள்ள" என்பார்.

மாணவர்கள் கரிக்கோட்டை ரொட்டித் துண்டால் அழிப்பார்கள். வாத்தியாருக்கு அழிப்பது பிடிக்காது. ரொட்டியைப் பிடுங்கி எனக்குத் தின்னக் கொடுத்துவிடுவார். யாராவது தப்பாக வரையமாட்டார்களா என்று காத்திருப்பேன்.

அந்த வருசம் வேலை குறைந்துபோய், உடம்பு முடியாதவர்களைப் பொறுக்கிச் சொந்த ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். ஊரில் எங்களுக்கு யாருமில்லை. அந்த நேரம் பார்த்து அப்பாவின் இடது கணுக்காலில் மூட்டை சரிந்து விழுந்தது. தினமும் வேலைக்கு ஆள் பிரிக்கும் மேஸ்திரியைத் தண்டல் என்போம், அவர் முன்னால் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடப்பார். "யார்ட்டயும் வாயத் தொறக்காத" என்றார். அப்பாவைத் தவிர யாரிடமும் எனக்கு அப்போது வாய் ஏது.

வாத்தியார் முகத்தை முதலில் வரைய விடமாட்டார். கொத்தனார் மாதிரி நூலில் குண்டு கட்டி, கழுத்துக் குழிக்கு நேராகத் தொங்கவிடுவார். பாரம் எந்தக் காலில் நிற்கிறதென்று கண்டுபிடித்த பிறகுதான் மற்றதெல்லாம். அடிபட்ட காலோடு அப்பா வந்து நின்ற அன்று, குண்டு வலது காலுக்கு நேராகப் போய் நின்றது. எல்லாப் படத்திலும் இடது கால் தரையில் பட்டும் படாமலும் இருந்தது. நொண்டி என்று எழுதி ஒட்டியது போல.

மறுநாள் படங்களைக் கீழே சாப்பாட்டுக்கடை வாசல் நடையில் மாட்டப்போவதாகச் சொன்னார் வாத்தியார். தண்டல் தினமும் தேத்தண்ணி குடிக்க வரும் வழி அது. அப்பா சட்டை போடத் திரும்பியதும் வாத்தியாரின் கையைப் பிடித்தேன். தெரிந்த மலாயில், மாட்டாதீர்கள், எங்களைக் கப்பலேற்றிவிடுவார்கள் என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு. அவர் அப்பாவின் காலைப் பார்த்தார். பிறகு கரியை எடுத்து, ஒவ்வொரு படத்திலும் இடது காலுக்குக் கீழே ஒரு மூட்டையை வரைந்தார். அங்கே மூட்டை இல்லையே என்றான் ஒரு மாணவன். கண்ணால் பார்த்ததை மட்டும் வரை என்று தினம் ஓதியவர், நான் பார்த்தேன் என்றார்.

மறுநாள் தண்டல் படத்தின் முன் நின்றபோது நான் அப்பாவின் பின்னால் ஒளிந்து அவர் வேட்டியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னா முனியாண்டி, மூட்டைய மிதிச்சிக்கிட்டு ராசா மாதிரி நிக்கிற?"

"வாத்தியாரு அப்படித்தான் நிக்கச் சொன்னாரு அண்ணே."

தண்டல் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனாலும் கால் ஆறும்வரை, கப்பல் ஊதும்போதெல்லாம் பக்கத்துப் பாயைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அந்த வாத்தியாரிடம் படித்தவர்கள் பெரிய ஓவியர்களாம். காலேஜில் இன்றும் அந்த நூல்குண்டை வைத்துத்தான் சொல்லித்தருகிறார்களாம், இந்தப் பெண் சொல்கிறாள். அந்த மாடி யுத்தத்தில் குண்டு விழுந்து படங்களோடு எரிந்துபோனது. அப்பா இந்த ஊரிலேயே கிழவராகி இந்த ஊரிலேயே போனார். அவரைப் பார்த்து வரைந்த படங்கள் அவை மட்டும்தான். மாட்டாதீர்கள் என்று கெஞ்சியவளுக்கு இப்போது அவர் முகம் சரியாக நினைவு வருவதில்லை. கால்தான் வருகிறது.