மார்ச் மாதத் தவணை ஏன் வருவதில்லை

இன்று தி.நகர் கடையில் ஒரு மயிலாப்பூர் தம்பதிக்குத் தவணையில் வாஷிங் மெஷின் விற்றேன். கூடவே, பத்து வருஷமாகப் பிடிபடாத ஒரு விஷயமும் பிடிபட்டது!

கணவர் ஆபீஸ் உத்தியோகம். "சம்பளம் ஒன்பதாயிரம். மாசம் ஆயிரம் தாராளமா கட்டிடுவேன்" என்றார்.

சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். பி.எஃப்., வருமான வரி, சொசைட்டி லோன் எல்லாம் போகக் கையில் வருவது ஆறாயிரத்து நானூறு.

"அதுல ஆயிரம் கொடுத்துடலாம். பிப்ரவரி, மார்ச்லதான் முடியாது" என்றார் மனைவி.

கணவர் பதறிவிட்டார். "சும்மா இரேன். மெஷினே தர மாட்டார்."

"எதுக்கு மறைக்கணும்? வருஷ வரியில பாக்கி எல்லாத்தையும் அந்த ரெண்டு மாசத்துல பிடிச்சுடறா. மூவாயிரம்கூட ஆத்துக்கு வராது. இவரோட ஆள் வாசல்ல வந்து நின்னா நமக்குத்தானே அசிங்கம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு மார்ச்சிலும் தவணை நின்றுபோகும். நானும் என் வசூல் ஆளைத்தான் திட்டுவேன்!

மாதச் சம்பளக்கார நண்பர்களே, உங்களில் ஒருத்தராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?

பேசி முடித்தது: முன்பணம் இரண்டாயிரம், மாதம் ஆயிரம் வீதம் பத்துத் தவணை, பிப்ரவரியும் மார்ச்சும் லீவு.