செம்பட்டை முடிக்கு ஒரு முழம் முல்லை

செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுக்கிறேன். மரபியல் பாடம் வந்தால் இப்போதெல்லாம் எனக்குத் தொடங்கும் முன்பே அலுத்துவிடுகிறது. நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி என்று கரும்பலகையில் கட்டம் போட்டு முடிப்பதற்குள் தொண்டை கட்டிக்கொள்ளும். பிள்ளைகளுக்குப் பட்டாணி மேல் அக்கறை கிடையாது. "முடி கலர் எப்படி மிஸ் வருது?" என்றுதான் கேட்பார்கள்.

முடிக்குள் மெலனின் என்று ஒரு நிறமி இருக்கிறது. அதில் கறுப்பைத் தருவது ஒரு வகை, சிவப்பு சாயலைத் தருவது இன்னொரு வகை. எது எவ்வளவு என்று முடிவு செய்வது மரபணுக்கள். ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றிலும் அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. சில மரபணுக்கள் தனியாக வந்தால் வாயே திறக்காது. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். இதை வகுப்பில் சொன்னதைவிடச் சொந்தக்காரர்களிடம் சொன்னதுதான் அதிகம், ஏனென்றால் என் மகள் செம்பு நிற முடியோடு பிறந்தாள்.

எனக்கும் அவள் அப்பாவுக்கும் முடி கன்னங்கரேல் என்று இருந்தது. "யாரு மாதிரி இந்த முடி?" என்று கேட்காத ஆளில்லை. எண்ணெய் வைப்பதில்லையா என்றார்கள், கடற்கரையில் விளையாட விடுகிறாயா என்றார்கள். மகாபலிபுரத்துக்கு வெள்ளைக்காரர்கள் நிறைய வருகிறார்களே என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிச் சிரித்த ஒரு பெரிய மனிதரும் உண்டு. மூன்று மொட்டை போட்டால் கறுப்பாக முளைக்கும் என்று என் மாமியார் வீட்டில் மூன்று கோயிலில் மொட்டை போட்டார்கள். மூன்று முறையும் அதே செம்பு நிறம்தான் முளைத்தது. மொட்டை போடுவது முடிக்கு, மரபணுவுக்கு இல்லையே. சொன்னால் கேட்டால்தானே.

அவள் அப்பா இறந்து சில வருடங்களாகின்றன. மகள் வயலின் கற்றுக்கொண்டு, கர்நாடக சங்கீதத்தில் தொடங்கி எங்கேயோ திரும்பி, ஐரோப்பாவின் பழைய பரோக் இசையில் போய் விழுந்தாள். முட்டுக்காடு பக்கம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க பஸ் மாறி மாறிப் போய் வருகிறாள். அவளும் களைத்துத்தான் வருவாள். இரண்டு களைத்த பெண்கள் இருக்கிற வீட்டில் பேச்சு குறைவு.

கருங்குழியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு அவளைப் பிடித்திருந்தது, அவளுக்கும் பையனைப் பிடித்திருந்தது. ஃபோனில் அவள் சிரித்துப் பேசுவதைப் பல வருடங்களுக்குப் பிறகு கேட்டேன். பையனின் அம்மாவுக்கு ஒரே குறைதான்.

"தலைய மட்டும் கறுப்பு பண்ணிக்கினு நிக்கட்டும் டீச்சர். வர்ற ஞாயித்துக்கிழமையே பூ வெச்சுடறோம்."

எங்கள் பக்கத்தில் பையன் வீட்டார் பெண் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகாபலிபுரத்துக் கடற்கரை விடுதி ஒன்றில் 'பரோக் இசை: ஓர் அறிமுகம்' என்று அவள் பேசி வாசிப்பதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தாள். அதனால் என்ன, அங்கேயே வருகிறோம், கடலையும் பார்த்த மாதிரி ஆச்சு என்றார் அந்த அம்மா.

என் நரைக்கு நான் பூசுகிற அதே தலைமுடி மையில் இன்னொரு பாக்கெட் வாங்கி வந்து வைத்தேன். மகள் அதைப் பிரிக்கவில்லை.

"இன்னிக்குப் பூசினா அடுத்த மாசம் வேர்ல அதே கலர்தான் வரும். நீதானே பாடம் எடுக்கறே?"

"ஒரு நாளைக்குத்தானேடி."

"ஒரு நாளைக்குன்னு அவங்க சொல்லலியே."

எனக்கு வாதாடத் தெம்பில்லை. அப்படியே கிளம்பினோம்.

விடுதி மேலாளர் அவளுக்காக ஒரு வெள்ளை விக் வாங்கி வைத்திருந்தார். பழைய படங்களில் அந்த இசைக்காரர்கள் போட்டிருப்பார்களே, அது மாதிரி சுருள் சுருளாக. ஒருவர் முடியைக் கறுப்பாக்கச் சொல்கிறார், இன்னொருவர் வெள்ளையாக்கச் சொல்கிறார். அவள் அதை வாங்கி என் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வயலினை எடுத்தாள்.

பையனின் அம்மா மட்டும்தான் வந்தார். கையில் வாழையிலையில் சுற்றிய முல்லைப்பூ. மகளின் தலையைப் பார்த்தார், எனக்கு மறுபக்கம் உட்கார்ந்தார்.

மகள் பேசினாள். ஏறக்குறைய நானூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் தேவாலயத்திலும் அரண்மனையிலும் வளர்ந்த இசை இது என்றாள். பின்னால் ஒருவர் ஒரு சின்ன கீபோர்டில் துணை வாசித்தார். "கீழ ஒரு வரி போய்க்கினே இருக்கும். கனமான சுரம். மேல வயலின் ஆடும், பாடும், அலங்காரம் பண்ணும். எல்லாரும் மேலதான் கேப்பாங்க. கீழ இருக்கறது நின்னுச்சுன்னா மேல ஒண்ணுமே நிக்காது. இப்போ கீழ மட்டும் கேளுங்க."

கேட்டேன். மேடைமேல் நிற்கிற இவளை இத்தனை நாள் சரியாகப் பார்க்கவே இல்லையோ என்று தோன்றியது. விளக்கு வெளிச்சத்தில் அந்த முடி நன்றாக இருந்தது. பெருமையாக இருந்தது எனக்கு.

அடுத்த பாட்டுக்கு அவள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா என் காதருகில் குனிந்தார்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. ஒண்ணு கேக்கறேன். நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கும் இந்த முடி வருமா?"

'வராது' என்று ஒரு வார்த்தை போதும். பூ வைத்துவிடுவார். கல்யாணம் நடந்துவிடும். என் மகள் ஃபோனில் சிரித்துக்கொண்டிருப்பாள், நான் காலை நீட்டிப் படுத்துவிடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. இல்லை, நாக்கைத் தாண்டிப் பல் வரை வந்தது.

"வரலாங்க," என்றேன். "உங்க பையன் உடம்புலயும் அந்த மரபணு மறைஞ்சிருந்தா வரலாம். இல்லேன்னா வராது. எனக்கும் அவ அப்பாவுக்கும் உள்ள இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் முடி கறுப்புதான்."

அவர் என் தலையைப் பார்த்தார். "உங்களுது மைதானே டீச்சர்."

"இப்போ மை. அப்போ கறுப்பு."

"எங்க வூட்ல அந்த மாதிரி ஒண்ணும் கெடையாது," என்றார். கொஞ்ச நேரம் மடியில் இருந்த இலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். "வூட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? பூவை மட்டும் விக் மேல் வைத்தார். வைக்கக் கொண்டுவந்த பூவைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாதாம்.

எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு மகள் வந்து உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் ஃபோனை எடுத்துப் பார்த்தாள், கவிழ்த்து வைத்தாள். கண் கலங்கியிருந்தது. ஒரு நாளைக்காவது பூசியிருக்கலாமே என்று நான் சொல்லவில்லை, பொய் சொல்லியிருக்கலாமே என்று அவளும் சொல்லவில்லை.

"பூ வாடுதும்மா," என்றாள். "வெச்சு வுடு."

பின்னலைத் திருப்பி வைத்துக்கொண்டு நான்தான் வைத்துவிட்டேன்.

செங்கல்பட்டு பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் மடியில் ஃபோன் சும்மா கிடந்தது. எதிரில் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மா பூவையும் முடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னாம்மா, பொண்ணுக்கு முடி இந்தக் கலர்ல கீது? யாரு மாதிரி?"

நிறமி, மரபணு, இரண்டு பிரதி, எல்லாம் வாய் வரை வந்தது. சொல்லத் தெம்பில்லை.

"என்னை மாதிரி," என்றேன்.

அவர் மை பூசிய என் தலையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.