ஆக்ஸ்போர்டுக்கு ஐந்து மணிப் பெரட்டு

லகாட் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பத்து வருஷம் ரப்பர் பால் வெட்டியவள் சவரியம்மாள். இப்போது துரை வீட்டு ஆயா. லீவில் சொந்த ஊரான ஆக்ஸ்போர்டுக்குப் போகும் துரைசானி, கைக்குழந்தைக்காக அவளையும் கப்பலேற்றப் போகிறாள். அங்கே ஊர் சுற்ற மூன்று நாள் ஓய்வும் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

துரைசானியிடம் ஊர்ப்படத்தை வாங்கி விரித்த சவரியம்மாள், தெருக்களை ரப்பர் மர வரிசைகள் போல நிரை நிரையாகப் பிரித்து, கல்லூரிக்குக் கல்லூரி கரிக்கோடு போட்டாள். ஒரு மரம் தப்பினாலும் கங்காணி ஏசுவான், அந்தப் பழக்கம்.

"காலைல அஞ்சு மணிக்கு மொத நெரையில எறங்கிருவேம்மா. ஒண்ணு விடமாட்டேன்."

துரைசானி சிரித்தாள். "அங்கே பத்து மணிக்கு முன்னால் எந்தக் கதவும் திறக்காது, ஆயா."

சவரியம்மாளுக்குச் சுருக்கென்றது.

"இங்க எங்கள இருட்டோட தப்படிச்சு, ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்கு எழுப்புற ஊர்க்காரங்க, அங்க பத்து மணி வரைக்கும் தூங்குவாங்களா? தூங்குனா தூங்கட்டும்லா. அஞ்சு மணிக்குப் போயி நான் தட்டி எழுப்புறேன்."