நிமிர்த்தி வைத்த கோப்பை

சேவியர் மாஸ்டர் காலமானார் என்று சந்தையில் வைத்துச் சொன்னார்கள். மலேரியாக் காய்ச்சல். எனக்கு வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்து முடியும்வரை நின்று, வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

மாஸ்டர் முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். இடம்பெயர்ந்து வந்து, முள்ளியவளையில் எங்கள் கொட்டில் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தார். ஓலைத்தட்டிக்கு இந்தப் பக்கம் நான் கணக்குப் படிப்பிப்பேன். அவர் அத்திலாந்திக் கடலைக் கடந்தவர்களின் கதையைத் தொடங்கினால் என் வகுப்பும் அங்கே போய்விடும். எனக்குக் கோபம் கோபமாக வரும். பாய்க்கப்பலில் மாதக்கணக்கு, குடிக்கிற தண்ணீரே நாறிவிடும். நீராவிக் கப்பலில் ஒரு கிழமை. விமானம் வந்தபின், "ஒரு நித்திரைதான் பிள்ளையள், முழிச்சால் அந்தக் கரை!" என்பார்.

பிறகு அவருடைய ஒரே மகள் யூலி, ஏஜென்சிக்காரர் ஒருவரை நம்பிக் கனடாவுக்குப் புறப்பட்டாள். கொழும்பில் விமானம் ஏறிவிட்டாள் என்றொரு செய்தி வந்தது. அதன்பின் ஒன்றும் இல்லை. போர்க்கால வன்னியில் தொலைபேசி ஏது? வவுனியா போய்வருபவர்கள் வாயால் சொல்வதுதான் செய்தி.

அந்த நாள்களில் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போனேன். குசினியில் கழுவிய சாப்பாட்டுக் கோப்பைகள் கவிழ்ந்திருக்க, ஒன்று மட்டும் நிமிர்ந்திருந்தது. கடலுக்குப் போனவரின் கோப்பையை அவர் கரைக்கு வரும்வரை கவிழ்ப்பதில்லை, கவிழ்த்தால் வள்ளம் கவிழுமாம். மாஸ்டரின் மனைவி ரோசலின் அக்கா சொன்னார்.

"பிளேனுக்கு ஒரு நித்திரை எண்டு நீங்கள்தானே மாஸ்டர் சொல்லுறனீங்கள்?" என்று பகிடி விட்டேன்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "ஓம் ரீச்சர், பிளேன் எப்பவோ இறங்கியிருக்கும். பிள்ளை இறங்கின செய்தி வரேல்லையே. செய்தி வந்தால்தான் கரை. பாய்க்கப்பலில அனுப்பிப்போட்டு இருந்த சனம் மாதிரித்தான் நாங்களும்."

மாஸ்டரின் எட்டாம் நாள் பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்தபோது, வவுனியாவிலிருந்து வந்த ஒருவர் முற்றத்தில் காத்திருந்தார். யூலி கனடாவுக்குப் போய் மாதக்கணக்காகிறதாம். சுகமாக இருக்கிறாளாம். தகப்பன் இல்லை என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

ரோசலின் அக்கா குசினிக்குள் போனார். மகளின் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு மாஸ்டரின் கோப்பையை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"இவர் கரை பிடிச்ச செய்தி இன்னும் வரேல்லை, ரீச்சர்."

போய் வாருங்கள் மாஸ்டர். கோப்பையை நாங்கள் கவிழ்க்கவில்லை.