முழங்கையில் ஒரு ஹெல்மெட்

மோக்கா ஊரிலேயே மிகப் பத்திரமான முழங்கை என் அண்ணன் எலிஹியோவுடையதுதான். இருபத்திரண்டு வருடமாக பைக் டாக்சி ஓட்டுகிறார். ஒருநாள்கூட ஹெல்மெட் இல்லாமல் வண்டியை எடுத்ததில்லை. இடது முழங்கையில் மாட்டிக்கொண்டுதான் கிளம்புவார். சட்டம் அதைத் தலையில் போடச் சொல்கிறது என்று யாராவது ஞாபகப்படுத்தினால், "தலை எங்க போயிடப் போகுது? கழுத்து மேலதானே இருக்கு" என்பார். ஸ்டாண்டில் இருக்கும் பதினான்கு பேரும் சிரிப்பார்கள். முன்பு பதினாறு பேர். இரண்டு பேரை நாங்களே சுமந்துபோய்ப் புதைத்தோம். இருவருக்கும் அடிபட்டது தலையில். கல்லறையிலிருந்து திரும்பும்போதும் எல்லோருடைய ஹெல்மெட்டும் முழங்கையில்தான் தொங்கியது. அடுத்தது என் அண்ணனாக இருக்குமோ என்று அன்றைக்கே நினைத்தேன்.

நான் மட்டும் யோக்கியமா? ஸ்டாண்டுக்கு எதிரில்தான் என் சலூன். சனிக்கிழமை காலையில் ஊர்ப் பெண்கள் வரிசையாக வந்து உட்காருவார்கள். தலை அலசி, உருளைகள் சுற்றி, சூடான காற்றடிக்கும் கூண்டுக்குள் ஒரு மணி நேரம் வேகவைத்து, பிறகு இழுத்து இழுத்து நேராக்கி அனுப்புவேன். அந்த முடி ஒரு வாரம் தாங்க வேண்டும். பின்னால் உட்காருகிறவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்பது சட்டம். அதற்கென்று ஒவ்வொரு வண்டியிலும் இன்னொன்று தொங்கும். ஆனால் இவ்வளவு பாடுபட்ட முடியை ஊரே போட்டுக் கழட்டிய சட்டிக்குள் எவள் நுழைப்பாள்? வெறுந்தலையோடு ஏறுவார்கள். நானும் வாசலில் நின்று, "காத்துல முடி கலையாம பார்த்துப் போங்க" என்று வழியனுப்புவேன். மண்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போலீஸ்காரர்களும் நல்லவர்கள். சனிக்கிழமைதோறும் அதே மாமரத்தடியில், அதே நேரத்துக்கு சார்ஜென்ட் வந்து நிற்பார். மரத்துக்கு ஐம்பதடி முன்னால் பெண்கள் இறங்கி, முடியை ஆட்டிக்கொண்டு நடந்தே தாண்டுவார்கள். நடக்கிறவளுக்கு ஹெல்மெட் எதற்கு? ஓட்டுகிறவர் முழங்கையிலிருந்ததைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போவார். வளைவைத் தாண்டியதும் அவள் ஏறிக்கொள்வாள், ஹெல்மெட் இறங்கிக்கொள்ளும். எல்லோரும் சட்டத்தை மதித்தாயிற்று.

போன வருடம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஊரே மரியாதையாகத் தோன்யா என்று கூப்பிடும் நெரெய்டா என் கடையிலிருந்து கிளம்பினாள். அன்று மாலை அவள் மகனுக்குக் கல்யாணம்.

"எலிஹியோ, முடி மட்டும் கலைஞ்சுது, உன்னை உயிரோட விடமாட்டேன்!"

"முட்டையை ஏத்திட்டுப் போற மாதிரி போறேன் தோன்யா, போதுமா?"

மாமரத்தடியில் சார்ஜென்ட் சிரித்தாராம். "என்னப்பா எலிஹியோ, தலை இன்னைக்கு ரொம்பப் பத்திரமா இருக்கு?"

"சட்டம்னா சட்டம்தானே சார்!"

வளைவு தாண்டியது, நெரெய்டா ஏறினாள், ஹெல்மெட் முழங்கைக்கு வந்தது. அடுத்த தெருவில் யாரோ வீடு கட்டச் சரளைக்கல்லையும் மணலையும் பாதி ரோட்டில் கொட்டி வைத்திருந்தார்கள். வண்டி சறுக்கியது. நெரெய்டா மணல் குவியலில் போய் விழுந்தாள். அண்ணனின் பின்மண்டை நடைபாதை விளிம்பில் மோதியது. முழங்கையில் ஒரு கீறல் இல்லை.

மண்டையில் ஒன்பது தையல். இரண்டு நாள் என்னை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு வாயில் வந்தபடி திட்டினேன். திட்டுவதை நிறுத்தினால் அழுதுவிடுவேன். கல்யாணத்துக்குப் போய்வந்த நெரெய்டா ஆஸ்பத்திரிக்கே வந்து, "அப்படி விழுந்தும் ஒரு முடி கலையலடி, உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றாள். அதற்கு முன்னால் என் வேலையை நான் இவ்வளவு வெறுத்ததில்லை.

அண்ணன் பிழைத்து வந்தார். சாவுக்குப் பயந்தாரா? அதெல்லாம் இல்லை. தையல் போட்டவர்கள் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சிரைத்திருந்தார்கள். "எலிஹியோவுக்குப் பின்னால நிலா உதிச்சிருக்குடா!" என்று ஸ்டாண்டே ஊளையிட்டது. அன்று தலைக்கு ஏறிய ஹெல்மெட் இறங்கவில்லை. வாரையும் பூட்டிக்கொண்டு, கடையில் காப்பிகூட அப்படியே குடித்தார். சட்டமும் இரண்டு சாவும் செய்யாததை ஒரு வழுக்கைத் திட்டு செய்துவிட்டது. சார்ஜென்ட் அவரைக் காட்டி மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிறார்.

ஆனால் முடி வளருமே. இரண்டு மாதம் கழித்து, கடை மூடியிருக்கும் ஒரு திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, பின்னால வளர்ந்துடுச்சான்னு பாரு. வளர்ந்ததும் முதல் வேலையா இந்தச் சட்டியைக் கழட்டணும். வேர்த்துச் சாகறேன்."

பார்த்தேன். அழகாக வளர்ந்திருந்தது, தழும்பே தெரியவில்லை. முடி சிரைக்கும் மெஷினை எடுத்தேன்.

"கழுத்தோரம் கொஞ்சம் சரி பண்றேன். குனிஞ்சு உட்காருண்ணே."

வேலை முடிந்ததும் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினேன். அவர் முகம் தொங்கிவிட்டது.

"இன்னுமா வளரல?"

"தையல் போட்ட இடம்ணே. சில பேருக்கு ரெண்டு வருஷம்கூட ஆகுமாம்."

பெருமூச்சு விட்டு, வாரைப் பூட்டிக்கொண்டு போனார்.

இப்போது பெண்களின் முடியை நானே தலையோடு சுற்றி, ஊசி குத்தி, வலை போட்டு, அதன்மேல் ஹெல்மெட்டையும் கவிழ்த்துத்தான் அனுப்புகிறேன். அண்ணன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். போன திங்கட்கிழமை கோபித்துக்கொண்டார்.

"ஊர்ல இருக்கறவளுக்கெல்லாம் முடியை அழகு பண்றே. கூடப்பிறந்தவனுக்கு மட்டும் ஒண்ணும் செய்ய மாட்டேங்கறியே!"

"குனிஞ்சு உட்காருண்ணே" என்றேன்.