பாண்டீஸ்வரி வைத்த ஃப்ளெக்ஸ்

திருவாதவூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே, பாண்டீஸ்வரியின் முகம் ஆள் உயரத்துக்கு நின்றது. பஸ்ஸை விட்டு இறங்கியவள் அதைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டாள். அவள் முகம்தான், ஆனால் அவள் நிறம் இல்லை. படம் போட்டவன் அவளை வெளுத்து, கன்னத்தில் ரோஸ் தடவி, தலைக்குப் பின்னால் ஒரு பட்டமளிப்புத் தொப்பியையும் பறக்கவிட்டிருந்தான்.

“பழங்காநத்தம் ஐவரி கேட் அகாடமியின் சாதனை மாணவி! தமிழ் வழியில் படித்து, எங்கள் பயிற்சியால் ஆங்கிலத்தை வென்று, மத்தியப் பல்கலைக்கழகம் செல்லும் செல்வி வெ. பாண்டீஸ்வரியை வாழ்த்துகிறோம். அட்மிஷன் நடைபெறுகிறது.”

எங்கள் பயிற்சியால்! அந்த இரண்டு வார்த்தையில்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. என்ன பயிற்சி கொடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியும், அகாடமிக்காரர் அருள்பாண்டிக்குத் தெரியும். ஊருக்குத்தான் தெரியாது.

பாண்டீஸ்வரி வெள்ளைத்துரையின் ஒரே மகள். வெள்ளைத்துரைக்குக் கொஞ்சம் நெல்வயல், ஒரு பழைய டிவிஎஸ் வண்டி, ஆபீஸர் என்று யாரைக் கண்டாலும் தோள் துண்டைக் கையில் எடுக்கும் பழக்கம். மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள். பாறைகளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்கு ஹைதராபாத்தில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் இருந்தது, அதற்குள் நுழைய ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது, அந்தத் தேர்வில் இங்கிலீஷ் தாள் இருந்தது. இந்த வார்த்தைக்குச் சமமான வார்த்தை எது, எதிரான வார்த்தை எது என்று கேட்டுக் கொல்வார்கள். பாறையைப் படிப்பதற்கு இது எதற்கு என்று கேட்க ஆள் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பணம் கட்டி, அப்பா அவளை அகாடமியில் சேர்த்துவிட்டார்.

அங்கே வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்பது சட்டம். பேசுவது இருக்கட்டும், ஒரு வார்த்தைக்குத் தமிழில் அர்த்தம் கேட்டாலே குற்றம். “தமிழ்ல யோசிக்கிறவங்களுக்கு இங்கிலீஷ் வராது” என்று அருள்பாண்டி சார் சிரித்துக்கொண்டே சொல்வார். அப்படிச் சொன்னதே தமிழில்தான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. தெரியாத வார்த்தைக்குத் தெரியாத இன்னொரு வார்த்தையைப் போர்டில் எழுதுவார். பிள்ளைகள் அதைக் கத்தி ஒப்பிக்க வேண்டும்.

பாண்டீஸ்வரி ஒருநாள் எழுந்து, “‘ரிலக்டன்ட்’னா தமிழ்ல என்ன சார்?” என்று கேட்டாள். அன்றிலிருந்து அவளைக் கதவோரம் உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போடும் இடம் அது. ஃபேன் காற்று அங்கே வராது, போர்டும் சாய்வாகத்தான் தெரியும். அதற்கு ஃபவுண்டேஷன் பேட்ச் என்று பெயர் வேறு! அங்கே உட்கார்ந்த நாலைந்து பேருமே அரசுப் பள்ளிப் பிள்ளைகள். வார்த்தைகள் அச்சடித்த தாளைக் கொடுத்து எழுதிப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவர்கள் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள். கட்டணம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். காசு வாங்கும்போது தமிழும் இங்கிலீஷும் அவர்களுக்கு வேறு வேறாகத் தெரியவில்லை.

பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை படியேறாமல் திரும்பிவிட்டாள்.

திரும்பியவளைப் பஸ் ஸ்டாப்பில் பிடித்தது ஆயிஷா சித்திகா. திருப்பரங்குன்றத்துப் பெண், இங்கிலீஷ் மீடியம், நடு பெஞ்ச். “நீ அன்னைக்குக் கேட்ட வார்த்தைக்கு எனக்கும் அர்த்தம் தெரியாதுடி. கத்திக்கிட்டு மட்டும் இருந்தேன்” என்றாள். அன்றிலிருந்து இருவருக்கும் வகுப்பு திருப்பரங்குன்றம் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் நடந்தது. ரயில் எப்போதாவதுதான் வரும். இங்கிலீஷ் பேப்பரில் ஒரு செய்தியை எடுத்துக்கொள்வார்கள். தெரியாத வார்த்தைக்கு டிக்‌ஷனரி பார்த்து, தமிழில் ஆற அமரச் சண்டை போட்டு, கடைசியில் அந்த வார்த்தையைத் தெரிந்த ஆள் ஒருவர் தலையில் கட்டுவார்கள். ‘ரிலக்டன்ட்’ என்றால் மொய் எழுதும் மேஜைக்கு முன்னால் மனசில்லாமல் நிற்கும் வெள்ளைத்துரை. ‘ஆப்ஸ்டினேட்’ என்றால் பாண்டீஸ்வரியின் அத்தை செல்லத்தாய், எதற்கும் அசைந்து கொடுக்காத மனுஷி. இப்படி ஊரில் ஒருவர் பாக்கியில்லை. ‘இன்டிக்னன்ட்’ என்ற ஒரு வார்த்தைக்கு மட்டும் ஆள் அமையவில்லை.

“வெறும் கோவம் இல்லடி. நியாயம் கெட்டுப்போறதப் பாத்து வர்ற கோவம்” என்றாள் ஆயிஷா.

“அப்படி யாரு இருக்கா எங்க ஊர்ல?” என்று பாண்டீஸ்வரி அதைத் தள்ளி வைத்தாள்.

அகாடமியை விட்டு நின்றதை அவள் வீட்டில் சொல்லவில்லை. வாரம் தவறாமல் “கிளாசுக்குப் போறேன்பா” என்று கிளம்புவாள், மாட்டுத்தாவணியில் பஸ் மாறுவாள், பழங்காநத்தத்தைத் தாண்டிப் போய்விடுவாள். தேர்வு எழுதினாள். இடம் கிடைத்தது. வெள்ளைத்துரைக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்குக்கூடச் சொல்லாமல் அகாடமிக்குப் போய், அருள்பாண்டிக்குப் பொன்னாடை போர்த்தி, கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்துவிட்டார். அருள்பாண்டி வாயைத் திறந்து ஒரு உண்மையும் சொல்லவில்லை. சேரும்போது அவள் கொடுத்த போட்டோவைத் தேடி எடுத்து ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார்.

மதுரைப் பக்கம் ஃப்ளெக்ஸில் முகம் வருவது சின்ன விஷயமா? காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, ஃப்ளெக்ஸ் வைக்காமல் எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை. சொந்தக்காரர்கள் வந்து நின்று செல்ஃபி எடுத்தார்கள். செல்லத்தாய் அத்தை உப்பும் மிளகாயும் கொண்டுவந்து ஃப்ளெக்ஸுக்கே சுற்றிப்போட்டாள்.

“எம்புட்டுக் கண்ணு பட்டுருக்கும் எம் மருமக மேல!” என்றாள்.

இதையெல்லாம்கூடப் பாண்டீஸ்வரி விழுங்கியிருப்பாள். அடுத்த வீட்டுத் தங்கப்பொண்ணு வந்து சொன்னதைத்தான் விழுங்க முடியவில்லை.

“ஒன்னையப் பாத்துத்தான் தாயி, எம் மக மீனாவையும் அங்கனயே சேத்துவிட்டேன். ரெண்டு ஞாயிறு போயிட்டு வந்துட்டா. நீ போன தடத்துலயே அவளும் போயிரட்டும்.”

பாண்டீஸ்வரி மீனாவைப் பார்த்தாள். “எங்க உக்கார வைக்கிறாங்க மீனா?”

“நல்லாத்தான் இருக்குக்கா” என்று மீனா தரையைப் பார்த்தபடி சொன்னாள். கேட்டது ஒன்று, வந்த பதில் வேறு. அந்தப் பதில் பாண்டீஸ்வரிக்குப் பழக்கமானது. வீட்டில் அவளே எத்தனையோ முறை சொன்ன பதில்தான்.

மறுநாள் ஆயிஷாவைக் கூட்டிக்கொண்டு அகாடமியின் படியேறினாள். அருள்பாண்டி எழுந்து நின்று வரவேற்றார். கதவோரம் உட்கார்ந்தவளுக்கு இப்போது சுழல் நாற்காலி!

“போட்டோவ எடுத்துருங்க சார்” என்றாள் பாண்டீஸ்வரி, உட்காராமல்.

“ஏம்மா? நீ இங்க படிச்ச பொண்ணுதான?”

“இங்க நான் படிக்கல சார். செருப்புக்குக் காவல் இருந்தேன்.”

அவர் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. “சேரும்போது கையெழுத்துப் போட்டுருக்க. போட்டோவ விளம்பரத்துக்கு யூஸ் பண்ணிக்கலாம்னு அதுல இருக்கு. இன்னொண்ணும் யோசிச்சுக்க. கிளாசக் கட் அடிச்சிட்டு ஊர் சுத்துன விஷயத்த உங்கப்பாகிட்ட நான் இதுவரைக்கும் சொல்லல. சொல்லவா?”

பாண்டீஸ்வரிக்குக் காது மடல்வரை சுட்டது. பிள்ளைகளின் பயத்தை எண்ணிச் சேர்த்து வைத்துப் பிழைக்கும் பிழைப்பு இது! இந்த மனுஷனுக்குத்தான் அப்பா பொன்னாடை போர்த்தினார்.

“சொல்லுங்க சார். நான் ஊருக்கே சொல்லத்தான் போறேன்” என்று திரும்பி நடந்தாள்.

படி இறங்கும்போது ஆயிஷா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “‘இன்டிக்னன்ட்’டுக்கு ஆளு கெடச்சிருச்சுடி” என்றாள். பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒத்தக்கடையில் முத்துப்பாண்டி என்பவர் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தார். அவள் எழுதிக் கொடுத்த வாசகத்தைக் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“கல்யாணத்துக்கு டிசைன் இருக்கு, சடங்குக்கு இருக்கு, சாவுக்கு இருக்கு. இது எதுல வரும் தங்கச்சி?”

“எதுலயும் வேணாம்ணே. எம் படமும் எழுத்தும் போதும். எங் கலர்லயே இருக்கட்டும், வெளுக்காதீங்க.”

“சரி. இவண் யாரு?”

எந்த ஃப்ளெக்ஸாக இருந்தாலும் கீழே ‘இவண்’ என்று போட்டு, அதை வைப்பவர்கள் பெயர் வரும். வாசகத்தைப் படிக்காதவர்கள்கூட அந்த வரியைப் படிப்பார்கள்.

“என் பேரையே போடுங்க.”

“படத்துலயும் நீ, இவண்லயும் நீயா? வீட்டாளுக பேரு இல்லாம வச்சா மொட்டக் கடுதாசின்னு நெனப்பாக. பெரியவுக பேரு ஒண்ணு வேணும்” என்று முத்துப்பாண்டி கறாராகச் சொன்னார்.

அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அப்பா. அருள்பாண்டி சொன்னதைச் செய்துவிட்டார். எங்கே இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டு வெள்ளைத்துரை டிவிஎஸ் வண்டியில் கடைக்கே வந்து இறங்கினார். முகம் கறுத்துக் கிடந்தது.

“கிளாசுக்கே போகலயாமே? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எங்க போன?”

பாண்டீஸ்வரி கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பச் சொன்னாள். வெள்ளைத்துரை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“இந்தப் படத்தில் இருப்பவள் நான்தான். அகாடமி வைத்த ஃப்ளெக்ஸில் இருப்பது பொய். தமிழில் அர்த்தம் கேட்டதற்காக அங்கே என்னைக் கதவோரம், செருப்பு கழற்றும் இடத்தில் உட்கார வைத்தார்கள். நான் பாதியில் நின்றுவிட்டேன். நானும் என் தோழியும் சேர்ந்து தமிழில் யோசித்துத்தான் இங்கிலீஷ் படித்தோம். உங்கள் பிள்ளையை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.”

வாசித்து முடித்தவர் மறுபடி நடுவில் ஒரு வரிக்குப் போனார்.

“செருப்புப் போடுற எடத்துலயா?”

“ஆமாப்பா.”

“எங்கிட்ட ஏந்தாயி சொல்லல?”

“சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க?” பாண்டீஸ்வரி அவர் தோள் துண்டைப் பார்த்தாள். “துண்டக் கையில எடுத்துக்கிட்டு அவரு முன்னாடி போயி நின்னு, ‘எம் புள்ள தெரியாமக் கேட்டுருச்சு சார், மன்னிச்சு உள்ள உக்கார வைங்க’ன்னு கும்பிட்டுருப்பீங்க. செருப்புக்குப் பக்கத்துல உக்காந்ததக்கூடப் பொறுத்துக்கிட்டேன். அத என்னால பாத்துருக்க முடியாதுப்பா.”

அதைத்தான் செய்திருப்போம் என்று வெள்ளைத்துரைக்கே தெரிந்திருந்தது.

“அந்தாளுக்கு நான் பொன்னாடை போத்துனேனே” என்றார், தனக்குத்தானே. பிறகு முத்துப்பாண்டியிடம் திரும்பினார். “தம்பி, இவண்ல எம் பேரப் போடு. வெள்ளைத்துரை, திருவாதவூர். நல்லாக் கொட்டையாப் போடு.”

அடுத்த நாள் காலையில் அகாடமி ஃப்ளெக்ஸுக்குப் பக்கத்திலேயே வெள்ளைத்துரை குழி தோண்டிக் கம்பு நட்டார். வெளுத்த பாண்டீஸ்வரியும் கறுத்த பாண்டீஸ்வரியும் ஒட்டி ஒட்டி நின்றார்கள். பஸ்ஸுக்கு வந்தவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வாசித்தார்கள். செல்லத்தாய் அத்தை தன் பெயர் இவணில் இல்லையே என்று கோபித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டுத் தங்கப்பொண்ணு மீனாவை இழுத்துக்கொண்டு வந்தாள். “ஒனக்கு வழி தெறந்தாச்சு. எம் புள்ள போற வழியில கல்லப் போடுறியா? நீ நல்லா இருப்பியா?” என்று பாண்டீஸ்வரியிடம் எகிறினாள். தங்கப்பொண்ணுக்கு வாசிக்கத் தெரியாது. யாரோ அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டு வந்திருந்தாள்.

பாண்டீஸ்வரி மீனா பக்கம் திரும்பினாள். “மீனா, அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு” என்றாள்.

மீனா வாசிக்க ஆரம்பித்தாள். செருப்பு கழற்றும் இடம் என்ற வரி வந்ததும் நின்றுவிட்டாள். தங்கப்பொண்ணு, “என்னடி, மேல வாசி” என்று அதட்டினாள்.

“அம்மா, நானும் அங்கதாம்மா உக்காந்துருக்கேன்.”

அகாடமி இருக்கும் மதுரைக்குப் போகும் பஸ் வந்து நின்றது. தங்கப்பொண்ணு மீனாவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, சேலையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் மட்டும் ஏறினாள். கும்பிடுவதற்குப் போகிறவள் அப்படிச் செருக மாட்டாள்.