சாம்பல் நிறக் காரில் வந்த நண்பன்

தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் வேலைக்குப் போய்வர, இரண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்த்து வைத்திருந்தேன். சிவப்புக் கார் தாழ்வானது. சாம்பல் நிறக் கார் சற்று உயரம். பட்டறை வைத்திருக்கும் நண்பன் குமரனைக் கேட்டேன்.

“சாம்பல் காருல இஞ்சின் போச்சு மச்சான். செவப்ப எடு, வளைவுல ஒட்டிக்கிட்டு ஓடும் லா.”

எடுத்தேன். அடுத்த மாதம், பிரசவ வலியில் துடித்த மனைவியைத் தானா ராத்தா நகர மருத்துவமனைக்கு அழைத்துப் போகையில், தேயிலைக் காட்டுப் பாதையில் காரின் அடியில் கல் இடித்தது. எண்ணெய் ஒழுகி வண்டி நின்றது. குமரனை அழைத்தேன். அதே சாம்பல் நிறக் காரில் வந்தான்.

“இஞ்சின் போச்சுன்னியே?”

“மொதல்ல ஏறு மச்சான்.”

தாயும் மகளும் நலம். இப்போது யோசனை சொல்பவரிடம், “நீங்களும் கார் தேடுறீங்களா?” என்றுதான் முதலில் கேட்கிறேன்.